கிர்க்கூக்கில் நான்கு கட்டில்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில், 1992 பிப்ரவரியில். மின்சார ரயிலுக்குக் காத்திருந்தோம். ஆவடி விமானப்படைத் தளத்துப் பக்கமிருந்து ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்து வந்தது. எங்கள் எதிர்வீட்டுப் பத்மா மீன் பையை எறிந்துவிட்டு சிமென்ட் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டாள். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். [இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்து நீக்கினேன். நடந்தது என்பதால் இருக்கட்டும்.] அவள் கணவர் கஜபதி, டாங்கி தொழிற்சாலைக்காரர், மண்டியிட்டுக் குனிந்தார். "ஒண்ணுமில்ல பத்மா, எயுந்துரு. நம்ம ஊர்ல கீறோம்" என்றார்.

பத்மா நர்ஸ். ஈராக்கில் கிர்க்கூக் என்ற எண்ணெய் நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, முந்தைய வருடம்தான் திரும்பியிருந்தாள். அங்கே நடந்ததைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில், அவரையும் வைத்துக்கொண்டு, என் மனைவியிடமும் என்னிடமும் சொன்னாள்.

2

முதல் தொடக்கம்: "வளைகுடாப் போர் ஓய்ந்த 1991 மார்ச்சில், குர்துப் போராளிகள் மலைகளிலிருந்து இறங்கி" என்று ஆரம்பித்தேன். செய்தித்தாள் வாடை அடித்தது. விட்டேன்.

இரண்டாவது: "அன்றைய வானம் ரத்தச் சிவப்பாக"

வானம் எப்படி இருந்தது என்று பத்மாவிடமே கேட்டேன்.

"வானத்த யாரு சார் பாத்தா? வார்டுல தண்ணி வரல. அதான் எனக்குத் தெரியும்."

ஆகவே, தண்ணீர் வராத வார்டிலிருந்து தொடங்குகிறேன்.

3

வார்டுக் குழாயில் தண்ணீர் நின்ற அன்று, நகரம் ஒரே காலையில் விழுந்தது. அகலக் கால்சட்டையும் தோளில் துப்பாக்கியுமாக, அரசை எதிர்த்துக் கிளம்பிய குர்துப் போராளிகள் தெருவில் வந்தார்கள். ஊரே ஆடிப் பாடியது. டாக்டர்களில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். வார்டில் அரசுச் சிப்பாய் ஒருவன் தொடையில் குண்டுக் காயத்தோடு கிடந்தான். [அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். "எடுத்துடுங்க சார். பேர் வச்சா பாவமா பூடும்" என்றாள் பத்மா. எடுத்துவிட்டேன்.] அவன் சீருடையைக் கத்தரித்து பாய்லர் அடுப்பில் போட்டாள். போராளிகள் வந்து இவன் யார் என்று கேட்டபோது, "எண்ணெய்க் கம்பெனி டிரைவர்" என்றாள். மூன்று வருடத்தில் கற்ற அரபி அதற்குப் போதுமானதாக இருந்தது. அவர்கள் போனதும் சிப்பாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, அக்கா என்று அவன் மொழியில் அழுதான்.

ஒரு வாரம் போல நகரம் போராளிகள் கையில் இருந்தது. அவர்களில் காயம்பட்ட நான்கு பேர் அதே வார்டுக்கு வந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார்; சிப்பாய்க்குப் பக்கத்துக் கட்டில். வயிற்றில் தையல் போட்டிருந்ததால், தனக்கு வந்த ரொட்டியைச் சிப்பாயிடம் கொடுத்துவிடுவார். இருவரும் ஏதேதோ பேசிச் சிரிப்பார்கள்.

பிறகு ஹெலிகாப்டர்கள் வந்தன. பீரங்கிகள் வந்தன. அவற்றின் பின்னால் அரசின் சிறப்புப் படை. நடக்க முடிந்தவர்கள் மலைக்கு ஓடினார்கள். இந்த நால்வரால் முடியவில்லை. பத்மா அவர்களுக்கு ஆஸ்பத்திரி உடுப்பை மாட்டி, கட்டில் சீட்டுகளில் குடல்வால், வெந்நீர்க் காயம் என்று எழுதி வைத்தாள்.

அதிகாரி வந்து ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தான். போராளிகள் யாராவது உண்டா என்றான். இல்லை, எல்லாரும் ஊர்க்காரர்கள் என்றாள். நம்பினான். திரும்பி வாசல்வரை போய்விட்டான்.

அப்போது சிப்பாய் கையைத் தூக்கினான்.

4

"அவன யாருமே கேக்கல சார். அதான் எனக்கு இன்னும் பிரியல. இவன், இவன், அதோ அவன்னு வெரல நீட்டிகினே போறான். வாத்தியாரையும்தான். அவரு இவனயே பாத்துகினு இருந்தாரு. கத்தக்கூட இல்ல."

நால்வரையும் படுக்கை விரிப்போடு தூக்கிக் கீழே கொண்டுபோனார்கள். முற்றத்தில் சுடும் சத்தம் கேட்டது. விரிப்புகள் திரும்பி வரவில்லை.

இந்தச் சிப்பாயை என்னால் நம்ப முடியவில்லை. முதல் பிரதியில், அதிகாரி அவன் நெற்றியில் துப்பாக்கியை வைத்து மிரட்டியதாக எழுதினேன். வாசித்துக் காட்டியபோது பத்மா கையமர்த்தினாள். "அப்டி நடந்திருந்தா நா தூங்கியிருப்பேனே சார்."

அடுத்த பிரதியில் அவனை முதலிலிருந்தே கொடூரனாக்கினேன்.

"அதுவும் இல்ல. அந்தச் சீட்டெல்லாம் யாரு எயுதுனதுன்னு ஆபீசரு கேட்டான். அடுத்து என்னையத்தான் காட்டுவான்னு நின்னுகினு இருந்தேன். ஆனா அந்த சிப்பாயி, ஓடிப்போன டாக்டரு எயுதுனதுன்னுட்டான். அப்பால என்னப் பாத்து சிரிச்சான். கணக்கு தீந்துபோச்சுன்ற மாதிரி."

அந்தச் சிரிப்பு ஒரு

[முடிக்கவில்லை. எந்த உவமை வைத்தாலும் பொய்யாகத் தெரிந்தது. பல நாள் பேனாவைத் தொடவில்லை.]

5

நால்வரையும் சுட்ட மூன்றாம் நாள் சிப்பாய் செத்துப்போனான். காயம் சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி. அந்த முதல் சாயங்காலம் பத்மா இதை ஒரு வரியில் சொல்லி நிறுத்திவிட்டாள்.

"வார்டுல ஊசி மருந்து இருந்துச்சா?" என்று கேட்டேன். என் மனைவி என்னை முறைத்தாள்.

"கட்டு தெனமும் மாத்துனேன். கேட்டப்பல்லாம் தண்ணி குடுத்தேன்."

"மருந்து?"

"எயுதுறவரு நீங்கதான சார்? நீங்களே சொல்லுங்க."

கஜபதி எழுந்து வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) மருந்து முன்பே தீர்ந்திருந்தது. பத்மா ஆஸ்பத்திரி முழுக்கத் தேடினாள். கிடைக்கவில்லை.

(ஆ) ஒரே ஒரு குப்பி இருந்தது. அதைக் கோடிக் கட்டிலில் காய்ச்சலில் கிடந்த குழந்தைக்குப் போட்டாள்.

(இ) அந்தக் குப்பி மூன்று நாளும் அவள் கோட்டுப் பையிலேயே இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மாவிடம் (அ)-வை வாசித்துக் காட்டினேன். "நல்லாகீது. படிக்கிறவங்க நிம்மதியா தூங்குவாங்க" என்றாள். (ஆ)-வை வாசித்தேன். "எந்தக் கொயந்த சார்?" என்று கேட்டாள். கேலியாக அல்ல, உண்மையிலேயே யோசித்துப் பார்த்துவிட்டு.

பிறகு மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, அடுத்ததைக் கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். என் கையில் இன்னும் ஒரு தாள் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இதுவரை படித்துவிட்ட நீங்கள் உங்களுக்குப் பிடித்த முடிவை வைத்துக்கொள்ளலாம். மூன்றில் ஒன்றாக இருந்தாலும் சரி, நான்காவதாக இருந்தாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனைதான். அதை அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, நீங்களே வாசித்துக் காட்ட வேண்டும்.