இடது பக்கம் போனவர்கள்

என் கணவர் இருதயராஜின் இடது பக்கம் போனவர்கள் திரும்பி வருவதில்லை. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அப்படித்தான். முதலில் போனது அவருடைய தம்பி ஜெபராஜ். செல்போனுக்குச் சார்ஜ் போடப் போனான். போன் அவ்வப்போது அங்கிருந்து அடிக்கும். ஆளைக் காணோம்.

வார்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் வலது பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

தட்டில் தோசை வைத்தேன். வலது பாதியைத் தின்றார்.

“பாதித் தோசையா சுட்ட?”

தட்டைத் திருப்பி வைத்தேன். மீதி அவர் முன்னால் வந்தது.

“இத எப்பக் கொண்டாந்த?” என்று கேட்டுவிட்டு அதையும் தின்றார். பிறகு வலது கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு, முடிந்தது என்று கண்ணாடியைக் கொடுத்தார்.

பயிற்சி கொடுக்கும் மெஹருன்னிசா மேடம் வந்தார். ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டிருந்தது.

“இதுக்கு நடுவுல ஒரு புள்ளி வைங்க சார்.”

அவர் வலது ஓரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்ததும் அறையின் நடு அங்கே போனது. கட்டில் நகர்ந்து அந்த நடுவுக்கு வந்தது. சுவர் என் முதுகைத் தொட்டது.

“ஒரு கடிகாரம் வரைங்க.”

பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே அடைத்தார். சுவர்க் கடிகாரத்தின் எண்களும் நெருக்கியடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போயின. முள் அடியைத் தொட்டதும் உச்சிக்குத் தாவியது.

“கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல,” என்றார் மேடம். “மூளையில வலது பக்கம் அடைப்பு. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தோணல. இன்னொரு கோடு பாத்துரலாமா?”

“வேண்டாம் மேடம். எனக்கு இடம் இல்ல.”

ஸ்டூல் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நெரியத் தொடங்கியிருந்தது.

“அப்ப அந்தப் பக்கம் போங்க. அங்க நின்னு கூப்பிடணும். நீங்க இங்கயே உக்காந்திருந்தா அவர் எதுக்கு அங்க திரும்பணும்?”

“போனவங்க வரலியே.”

“அவர் திரும்பினா வருவாங்க.”

“திரும்பலைன்னா?”

மேடம் பேனாவை மூடினார்.

நான் எழுந்தேன். “எங்கட்டி போற?” என்றார் அவர். “இங்கதாங்க,” என்றேன். கட்டிலின் கால்மாட்டைச் சுற்றினேன். அவர் கண் என்னோடு வந்தது. பாதி வழியில் என்னை விட்டுவிட்டது.

இடது பக்கம் நான் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. தரையெல்லாம் அவர் கண்ணில் படாமல் மிஞ்சி ஆறிப்போன பாதி இட்லிகள். ஜெபராஜ் அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். தொண்டை கட்டியிருந்தது.

“மைனி, நீங்களுமா வந்துட்டிய?”

“கூப்பிட்டியா?”

“கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன். கூப்பிடக் கூப்பிட அண்ணன் அந்தப் பக்கமே திரும்புதாவ.”

நானும் கூப்பிட்டேன். அவர் காலி ஸ்டூலைப் பார்த்து, “என்னட்டி?” என்றார். கட்டில் எங்களைவிட்டு விலகியது. நடந்தோம். தரை நீண்டது. ஓடினோம். அவருடைய இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பிடித்தேன். சூடாக இருந்தது.

“விட்ராதிய மைனி!”

அந்தக் கையைத் தூக்கி, அவர் நெஞ்சைத் தாண்டி வலது பக்கம் வைத்தேன். கட்டில் நின்றது. அவர் கையைப் பார்த்தார்.

“இது யாரு கை?”

“உங்க கைதாங்க,” என்று கத்தினேன்.

“என் கை இந்தா இருக்கு,” என்று ஸ்டூலிடம் வலது கையை ஆட்டிக் காட்டினார். பிறகு அந்த விரல்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “இது நம்ம ஜெபா கைல்லா? வாடா தம்பி.”

பிடித்து இழுத்தார். என் பக்கத்தில் நின்றிருந்த ஜெபராஜ் இல்லாமல் போனான். ஸ்டூலில் உட்கார்ந்து மேடத்திடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான்.

“மைனி அந்தப் பக்கம் நிக்காவண்ணே.”

“எந்தப் பக்கம்?”

ஜெபராஜ் கையை நீட்டினான். அவர் நீட்டிய கையை மட்டும் பார்த்தார். கட்டில் மறுபடியும் நகரத் தொடங்கியது.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் பெயரை அவர் காதுபடச் சொன்னதில்லை. சொன்னேன்.

“இருதயராஜ்!”

கட்டில் நின்றது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. மழிக்காத கன்னம் தலையணையில் உரசியது. கண் என் புடவையைத் தொட்டு, மெல்ல மேலே ஏறி, என் முகத்தில் நின்றது.

“யாரும்மா நீங்க?” என்றார், மரியாதையாக. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எம் பொஞ்சாதி வர்ற வழி.”

நான் தள்ளவில்லை. அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.