கமெனுக்கு ஒதுக்கிய நினைவகம்

ஐந்தாம் மாடி ஸ்தோய்ச்கோ காலை பத்து மணிக்கு எட்டாம் மாடிக்கு வந்து ஒக்னியானின் கதவைத் தட்டினான். லிஃப்ட் வேலை செய்தது; ஆனாலும் படியேறித்தான் வந்தான். மூச்சு வாங்கினால்தான் கோபம் எடுபடும் என்பது அவன் கணக்கு.

"என் சீரியல் நின்னு நின்னு வருதுய்யா. செத்தவனுக்கு முழு கம்ப்யூட்டர், உயிரோட இருக்கறவனுக்கு மிச்சம் மீதியா?"

செத்தவன் கமென், மூன்றாம் மாடி நெவேனாவின் ஒரே மகன். ப்லோவ்திவ் நகரின் அந்தப் பழைய அடுக்ககத்துக்குப் பொதுவாக, எல்லா வீட்டுக்கும் சீரியலும் படமும் அனுப்ப, லிஃப்ட் அறையில் லினக்ஸ் சர்வர் வைத்தவர்கள் அவனும் அவன் நண்பன் ஒக்னியானும்தான். பெலோட் சீட்டாட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும், இரண்டிரண்டு பேராக. அம்மாவின் ஜோடி எப்போதும் கமென். தான் வேலைக்குப் போன நேரத்தில் அம்மா சும்மா இருக்கக் கூடாதென்று, தன்னைப் போலவே ஆடும் ஒரு நிரலை எழுதினான். தன் அவசரத்தையும் அசட்டுத் துணிச்சலையும் அதற்குப் பழக்கினான். கற்றதை ஹார்டு டிஸ்கில் சேமிக்கும் பகுதியை மட்டும் அப்புறம் எழுதலாமென்று விட்டான். அதற்குள் மோட்டார் சைக்கிள் முந்திக்கொண்டது. அந்தப் பகுதியை நான் எழுதுகிறேன் என்று ஒக்னியான் கல்லறையில் வைத்துச் சொன்னான். சொல்லி ஐந்து வருஷம்.

ஐந்து வருஷமும் நிரல் அணையவில்லை; அணைந்திருந்தால் கற்றதெல்லாம் போயிருக்கும். நெவேனா தினமும் நான்கு மணிக்குக் காப்பியோடு உட்கார்ந்து ஆடினாள். ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் அது நினைவகத்தில் வைத்துக்கொண்டு பெருத்தது. போன மாதம் ஒக்னியான் அதற்குப் பிராசஸரில் கால் பங்குதான் என்று எல்லை வைத்தபோது சீட்டு தாமதமாக விழுந்தது. நெவேனாவுக்கோ பெருமை பிடிபடவில்லை. "பொறுப்பு வந்துடுச்சுடா அவனுக்கு. யோசிச்சுப் போடறான்."

இப்போது நினைவகத்துக்கும் எல்லை. லினக்ஸில் அதற்கு இரண்டு கோப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் எழுதிய அளவைத் தாண்டினால் நிரல் தவழும், சாகாது. மற்றதில் எழுதியதைத் தாண்டினால் இயக்கமுறைமையே கொன்றுவிடும். ஸ்தோய்ச்கோ வாசலில் நின்று கத்த, ஒக்னியான் 'இரண்டு ஜிகாபைட்' என்று எழுதினான். எழுதியது, கை தவறி, கொல்லும் கோப்பில். நிரலோ அந்த அளவை எப்போதோ தாண்டியிருந்தது.

கொன்றேன் என்று ஒற்றை வரி திரையில் வந்தது.

"ஆங், இப்ப ஓடும்" என்று ஸ்தோய்ச்கோ இறங்கிப் போனான், லிஃப்டில்.

ஒக்னியான் நிரலை மறுபடி துவக்கினான். துவங்கியது, ஒன்றும் தெரியாத குழந்தையாக, விதிகளை மட்டும் அறிந்து. நான்கு மணிக்கு நெவேனாவின் சமையலறையில் போய் நின்றான், சொல்லிவிடத்தான் போனான்.

"வாடா. உக்காரு" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்ன ஆச்சு இவனுக்கு? எல்லாத்தையும் சரியாப் போடறான்."

"வேகமாவும் போடறான்ல, அத்தை."

"கையில ஒண்ணுமே இல்லாம ஏலத்தை ஏத்துவானே. ஏத்திட்டு என்னையும் சேத்துத் தோக்கடிப்பானே, கழுதை."

இரண்டு ஆட்டம் போனது. இரண்டிலும் ஜெயித்தார்கள். நெவேனா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்படா?"

"காலைல. பத்து மணிக்கு... அத்தை, நான்தான்..."

"காப்பி ஆறுது பாரு."

மறுநாள் கீழ்வாசல் கதவில், போன வாரம் ஒட்டிய கமெனின் ஐந்தாமாண்டு மரண அறிவிப்புக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதே படம், அதே சிரிப்பு.

"அச்சுப்பிழையைப் பாத்தியா?" என்றான் ஸ்தோய்ச்கோ, ரொட்டிப் பையோடு நின்று. "நேத்துத் தேதி போட்டிருக்காங்க. காலை பத்து மணின்னு வேற."

பசை இன்னும் காயவில்லை. மேல் மூலை பெயர்ந்து காற்றில் ஆடியது. ஒக்னியான் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.