பன்னைத் தூக்கிப் பார்க்கக் கூடாது

1

இந்தக் கதை ஒரு பட்டியலாகப் பிறந்தது. எங்கள் கல்லூரிக் கிண்டல் இதழின் ஆசிரியை, ‘வீட்டு பர்கருக்குள் வைக்க உகந்தவை பத்து’ என்று ஒரு பக்கம் கேட்டாள். ‘ஒன்று: பச்சை ஆலிவ்’ என்று எழுதினேன். இரண்டுக்குப் போவதற்குள் அம்மா வந்துவிட்டாள். அம்மாவை எத்தனையாவது எண்ணில் வைப்பது என்று தெரியவில்லை. அதனால் கதை.

2

முதல் தொடக்கம்: ‘செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை. லான்சிங் நகரத்து வானம் ஒரு

வேண்டாம். வானத்தை யாரும் பன்னுக்குள் வைப்பதில்லை.

இரண்டாம் தொடக்கம்: அமெரிக்காவில் செப்டம்பரில் வரும் உழைப்பாளர் தினத்தன்று என் அப்பா கர்ட் கொல்லையில் கரி அடுப்பு மூட்டுவார். அவருக்குப் பச்சை வெங்காயமும் மஞ்சள் கடுகுச் சாஸும். அக்கா டாராவுக்கு மஞ்சள் கரு ஒழுகும் முட்டை. எனக்கு நொறுக்கிய உருளை வறுவல், அதன்மேல் கெட்சப். அம்மா லொரெய்னுக்குப் பொடியாக நறுக்கிய பச்சை ஆலிவை மயோனைஸில் குழைத்தது. அதை அப்பாவேதான் நறுக்குவார். அன்று முழுக்க அவர் விரல்களில் உப்புநீர் மணக்கும். இருபது வருடங்களில் எங்களில் ஒருவரும் கட்சி மாறியதில்லை.

புதிதாக வருபவருக்கு மட்டும் தனிச் சட்டம். அப்பா முகத்தைப் பார்த்து, தானே தீர்மானித்து, உள்ளே வைத்து மூடித் தருவார். பன்னைத் தூக்கிப் பார்க்காமல் கடிக்க வேண்டும். பார்த்தவர் இந்தக் குடும்பத்துக்கு லாயக்கில்லை. இதை முன்கூட்டி யாரும் சொல்லவும் கூடாது. டாராவின் காதலர்கள் மூவர் இப்படித்தான் போனார்கள்.*

* மூன்றாமவன் தூக்கவில்லை, முகர்ந்தான். அப்பா அதையும் சட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.

3

இரண்டு வருடங்களுக்கு முன் அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். அந்த ஒரு நாள் மட்டும் பிரியவில்லை. அம்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். இந்த வருடம் தன் புதுத் துணை வெர்னைக் கூட்டிவருவதாகப் போனில் சொன்னாள்.

“உங்கப்பா அவர அவமானப்படுத்தினாருன்னு வை, அடுத்த வருஷம் எனக்குத் தனி அடுப்பு. நீங்க ரெண்டு பேரும் மத்தியானம் அங்க தின்னுட்டு சாயங்காலம் இங்க வாங்க.”

“ஒரே நாள்ல ரெண்டு பர்கரா?”

“கிண்டல் பண்ணாதடா.”

நான் கிண்டல் செய்யவில்லை. பயந்துபோயிருந்தேன்.

[வெர்ன் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் அவருக்கு ஒரு தங்கப்பல் கட்டினேன். உண்மையில் சாதாரணப் பற்கள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலைகளைப் பழுதுபார்ப்பவர். இடைஞ்சல் வேண்டாமென்று உட்கார நாற்காலியைக்கூடத் தானே கொண்டுவந்தார். நல்ல மனிதர். கதைக்கு இதைவிடப் பெரிய தொல்லை இல்லை.]

4

அப்பா வெர்னின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆலிவ் கிண்ணத்தை எடுத்தார்.

“டேய், அது அம்மாவோடது,” டாரா என் காதில் சொன்னாள்.

“அவருக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சு வைக்கிறாரா, கை அதுபாட்டுக்குப் போகுதான்னு பாரு.”

தாராளமாகத் தடவி, மூடி, நீட்டினார். அம்மா ஏதோ சொல்ல வந்தாள்.

“லொரெய்ன், வாயத் திறக்காத.”

“மூச்சுதான் விட்டேன், கர்ட்.”

வெர்ன் பன்னைத் தூக்கிப் பார்த்தார்.

“அட, பச்சை ஆலிவ்! சின்ன வயசுல தின்னதுங்க.”

பேரமைதி நிலவியது. (பொய். பக்கத்து வீட்டில் புல்வெட்டும் இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது.) அப்பா இடுக்கியைக் கீழே வைத்தார்.

“இவளும் தூக்கித்தான் பாத்தா,” என்றார், அம்மாவைக் காட்டி. “மொத நாளு, இதே கொல்லையில. அப்புறந்தான் நான் சட்டமே போட்டேன்.”

“அப்போ என்னோட மூணு பேரு?” என்றாள் டாரா.

“தப்பிச்சானுங்க.”

வெர்ன் ஒன்றும் புரியாமல், மரியாதைக்குச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தட்டோடு எழுந்து நின்றாள்.

5

முடிவு அ: அம்மா கார்ச் சாவியை எடுக்கிறாள். இது எங்கள் இதழாசிரியைக்குப் பிடிக்கும்.

முடிவு ஆ: வெர்ன் தன் பர்கரில் பாதியை அப்பாவிடம் நீட்ட, இருவரும்

இல்லை. இதில் கெட்சப்பைவிடச் சர்க்கரை அதிகம்.

நடந்தது இவ்வளவுதான். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி, கரியைக் கிளறியபடி, “அடுத்த வருஷம், வெர்ன்…” என்று தொடங்கினார். மீதி வாக்கியத்தை ஏழுமுறை எழுதிப் பார்த்தேன். ஏழுமுறையும் அது அப்பாவின் குரலில் வரவில்லை. என் ஆசையின் குரலில் வந்தது.

ஆகவே அதை நீங்கள் எழுதுங்கள். அவரைக் கண்டிராத உங்களுக்கு அது நேர்மையாக வரலாம். கொஞ்சம் சீக்கிரம். அம்மா இன்னும் தட்டோடு நின்றுகொண்டிருக்கிறாள். உட்காருவதா, கிளம்புவதா என்று அந்த வாக்கியத்தைக் கேட்டபிறகுதான் முடிவு செய்வாள்.