வேகமான பதினாறு

இன்னும் கட்டப்படாத கட்டடங்களுக்குள் ஆட்களை நடக்க வைப்பதுதான் அவளுடைய வேலை. இன்ஜினியர் அனுப்பும் வரைபடத்தை வைத்து, கதவு திறப்பதும் ஜன்னல் வழியே வெயில் விழுவதுமாக ஒரு வீடியோ செய்து தருவாள். படுக்கையறை மூலையில் ஒரு மேசை, அதன் கீழே கம்ப்யூட்டர். அவ்வளவுதான் அலுவலகம்.

அந்த வாரம் கையில் இருந்தது ஓர் ஆஸ்பத்திரி. நான்கு மாடி, வாசலில் நூற்றுக்கணக்கான மரங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் வேண்டும் என்று இன்ஜினியர் தினம் இரண்டு முறை போன் செய்தார். காட்சியைக் கொஞ்சம் திருப்பினால் போதும், கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. அது நின்ற நேரமெல்லாம் அவள் எழுந்து நடந்தாள். சமையலறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். கடித்துக் கடித்து நகக்கண் எரிந்தது.

புதன்கிழமை காலை கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். சட்டைப்பையில் எப்போதும் திருப்புளி செருகியிருப்பதால் கடைக்காரருக்குத் திருப்புளி என்றே பெயர்.

"அண்ணே, இருக்கிறதுலயே வேகமான ரேம் மெமரி குடுங்க."

"வேகம்தான் பிரச்சனையாம்மா, இல்ல இடம் பத்தலையா? வேலை நடக்கும்போது மெமரி எவ்வளவு நிறையுதுன்னு பாத்தீங்களா? இந்த வேகமான பதினாறு ஜிபி விலைக்கு, சாதாரண வேகத்துல முப்பத்திரண்டே வரும்."

"பாத்தாச்சுண்ணே. வேகம்தான் வேணும்."

அவள் பார்க்கவே இல்லை. பார்ப்பதற்கான பொறுமையை எந்தக் கடையில் வாங்குவது?

வீட்டுக்கு வந்து பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினாள். கம்ப்யூட்டர் பறப்பது போலிருந்தது. கணவர் பஸ் டிரைவர். மதியம் அவர் வேலை முடிந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"பாருங்க, எப்படி ஓடுதுன்னு!"

"எவ்வளவு நேரம் மிச்சம்?"

"நிறைய."

"நிறையன்னா? அந்த ஆஸ்பத்திரி வரவேற்பறை வீடியோ ரெடியாக முப்பத்தெட்டு நிமிஷம் ஆச்சுன்னு நேத்து புலம்புனியே. அதையே மறுபடி ஓடவிட்டுப் பாரேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஓடவிட்டாள். இருவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். பாதியிலேயே அவர் கண்ணயர்ந்துவிட்டார். அவள் காலை ஆட்டிக்கொண்டு போனில் நேரம் பார்த்தபடி இருந்தாள். முடிந்தபோது முப்பத்தேழு நிமிடம், இருபது நொடி.

"நாப்பது நொடி மிச்சம்," என்றார் விழித்துக்கொண்ட கணவர். "பஸ்ஸுக்கு எவ்வளவு பெரிய இன்ஜின் போட்டாலும் சிக்னல்ல நின்னுதானே ஆகணும்?"

"நீங்களும் உங்க பஸ்ஸும்!" என்றாள். சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை காலை மரங்களைச் சேர்த்ததும் படம் மறுபடி உறைந்தது. இத்தனை நாள் தள்ளிப்போட்டதை அப்போதுதான் செய்தாள். மெமரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் கட்டத்தைத் திறந்தாள். கோடு உச்சியைத் தொட்டு அங்கேயே படுத்திருந்தது. பதினாறும் நிறைந்துபோய், மீதியை டிஸ்க்கில் எழுதுவதும் எடுப்பதுமாகக் கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருந்தது.

புது மெமரியைக் கழற்றி எடுத்து, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"அண்ணே, நேத்து பாத்துட்டேன்னு சொன்னது பொய்."

"நீங்க சொன்ன வேகத்துலயே தெரிஞ்சுதும்மா. அது வந்த அட்டைப்பெட்டி இருக்கா?"

"அவசரத்துல கிழிச்சுட்டேன்."

திருப்புளி பெருமூச்சு விட்டார். பிறகு மெமரியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாதாரண முப்பத்திரண்டை எடுத்து நீட்டினார்.

அதை மாட்டிய பிறகு வரவேற்பறை வீடியோ தயாராகப் பழையபடி முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. ஆனால் அத்தனை மரங்களோடும் ஆஸ்பத்திரி சொன்ன பக்கமெல்லாம் திரும்பியது. வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு வேலையை அனுப்பிவிட்டாள்.

அப்போதும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஐந்து மணிவரை வாசலுக்கும் மேசைக்கும் நடந்துவிட்டு, தாங்க முடியாமல் அவளே போன் செய்தாள்.

"வந்துடுச்சும்மா," என்றார் இன்ஜினியர். "திங்கக்கிழமை பாத்துட்டுச் சொல்றேன்."

போனை வைத்தாள். "என்ன சொன்னாரு?" என்று கணவர் கேட்டார். சொன்னாள். அவள் கத்தப்போகிறாள் என்று அவர் ஒரு எட்டு பின்வாங்கினார். அவளோ கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"காலையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடலைங்க," என்றாள் பிறகு.