சுப்பிரமணியன் சாரின் சாவிக்கொத்து

கடலூர் மாவட்டத்தில் கூட்டுறவுச் சங்கம் தொடங்க நினைக்கிற எவரும் சுப்பிரமணியன் சாரிடமிருந்து தப்பிக்க முடியாது. ‘கூட்டுறவுச் சிற்பி’ என்பது அவருடைய பட்டம். கொடுத்தது யார் என்று விசாரித்தவர்களுக்கு, விசிட்டிங் கார்டு அடித்த அச்சகம் என்பதற்கு மேல் துப்புக் கிடைக்கவில்லை.

ஆரோக்கிய ராணி விசாரிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. அண்ணாகிராமத்தில் முந்திரி உடைக்கிற பெண்கள் சேர்ந்து ஒரு கொட்டகை பிடித்திருந்தார்கள். கொட்டை எண்ணெய் பட்டுக் கைத்தோல் உரிவது அவர்களுக்கு, லாபம் மட்டும் வியாபாரிக்கா? சங்கம் வைத்துத் தாங்களே விற்பது என்று முடிவானதும் வியாபாரி வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டான். சங்கம் படுத்துவிட்டால் அவன் வாசலிலேயே போய் நிற்க வேண்டும். அதனால்தான் அனுபவசாலியைத் தேடினாள் ராணி. தலைவராக இருக்க சார் மனமிரங்கினார். கொட்டகைச் சாவியையும் அப்போதே வாங்கித் தன் இடுப்புக் கொத்தில் கோத்துக்கொண்டார்.

“மொதல்ல சுத்திப் பாக்கணும்மா” என்று ராணியையும் அவள் கூட்டாளி இசைவாணியையும் வேனில் ஏற்றிச் சிதம்பரம் பக்கம் அழைத்துப் போனார். வழியெல்லாம் கூட்டுறவின் ஐந்து தூண்களைப் பற்றிப் பேசினார். மூன்றாவது தூணில் இசைவாணி சாய்ந்து தூங்கிவிட்டாள்.

சிதம்பரத்துக்கு வெளியே, சார் தொடங்கிய பால் சங்கம் பூட்டிக் கிடந்தது. கொத்தில் துழாவிச் சாவி எடுத்துத் திறந்தார். உள்ளே பால் வாடையே இல்லை. ஒட்டடையும் இல்லை. சுவர்க்கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தது.

“மூடிக் கெடக்குற எடத்துல கடியாரத்துக்கு யாருக்கா பேட்டரி போடுறாங்க?” என்று இசைவாணி காதைக் கடித்தாள்.

சார் பையிலிருந்து புது பேட்டரியை எடுத்து மாற்றினார். பிறகு தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டைச் சரிசெய்து, காலி பெஞ்சுகளைப் பார்த்தார்.

“எல்லாரும் வந்துட்டீங்களா?”

ராணி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் ஈ காக்கை இல்லை. சார் காத்திருந்தார். யாரோ பதில் சொன்னதுபோலத் திருப்தியாகத் தலையாட்டினார். ராணி சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் ஒரு கிழட்டுப் பசு நின்றது. கயிற்றைப் பிடித்திருந்தவர் இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

“இங்க கொண்டாந்துதான் கறப்போம். மூடுனது ஊருக்கே தெரியும், இதுக்கு மட்டும் யாரும் சொல்லல” என்றார்.

“ஏன் மூடுனாங்க? சண்டையா?”

“ஐயய்யோ, சண்ட கிண்ட ஒண்ணும் கெடையாதும்மா. சார் பேசுவாரு, நாங்க கை தட்டுவோம். அப்புறம் ஒவ்வொருத்தரா வராம போயிட்டோம்.”

அடுத்த சங்கமும் பூட்டு. அதற்கடுத்ததும் பூட்டு. எல்லாவற்றிலும் கடிகாரம் மட்டும் ஓடியது.

கிள்ளைப் பக்கம் ஒரு கருவாட்டுச் சங்கத்தின் முன்னால் வேன் நின்றபோது சார் இறங்கவில்லை. “நீங்க பாத்துட்டு வாங்க. எனக்குக் கருவாட்டு வாசன ஒத்துக்காது.”

உள்ளே கூரை பறக்கிற சத்தம்.

“உப்புக்கு எட போடாதடி, மீனுக்குப் போடு!”

“ஆமா, உன் மீனு மட்டும் தங்கம்!”

தராசுக்குப் பக்கத்தில் இருந்த ரத்தினம்மாள்தான் தலைவி. வேனை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “சாரா? அவருதான் ஆரம்பிச்சாரு, பொய் சொல்லக் கூடாது. ஆள் சேக்குறதுல அவர அடிச்சுக்க ஆளில்ல. ஒரு நாளு ஒருத்தி எழுந்து கேள்வி கேட்டுட்டா. சாவிய வெச்சிட்டுப் போயிட்டாரு. அன்னிலேர்ந்து தெனம் சண்டதான்.”

“அப்புறம் எப்படிக்கா ஓடுது?”

“சண்ட போடணும்னா வரணும்ல?”

மறுவாரம் முந்திரிக் கொட்டகையில் முதல் கூட்டம். சார் பேட்டரி போட்ட புதுக் கடிகாரத்தோடு வந்து, அதை மாட்டி, நாற்காலியில் அமர்ந்தார்.

“எல்லாரும் வந்துட்டீங்களா?”

பெண்கள் கை தட்டினார்கள். இசைவாணிகூடத் தட்டினாள். ராணி எண்ணெய்க் கறை படிந்த தன் கைகளை மடியிலேயே வைத்திருந்தாள். இவரை விட்டால் வேறு பெரிய மனிதர் கிடையாது. வியாபாரியின் வாசல் கண்ணில் தெரிந்தது. அந்தப் பசுவும் தெரிந்தது. எழுந்தாள்.

“சார், அன்னிக்குப் பால் சங்கத்துல இதே மாதிரி கேட்டீங்களே. யாரு சார் பதில் சொன்னது?”

கைதட்டல் அறுந்தது. கடிகாரச் சத்தம் பெரிதாகக் கேட்டது. மேடைக்குரல் இல்லாத சுப்பிரமணியனை அன்றுதான் பார்த்தார்கள்.

“எல்லாரும்தாம்மா” என்றார் மெதுவாக. “அவுங்க ஒருத்தர்கூட லேட்டா வர்றதில்ல.”

“அப்ப நாங்க வராட்டியும் ஒங்களுக்கு ஒண்ணுதானா சார்?” என்றாள் இசைவாணி.

கொத்திலிருந்து கொட்டகைச் சாவியைக் கழற்றச் சாருக்கு வெகுநேரம் ஆனது. சாவியை மேசையில் வைத்துவிட்டு, மற்றவை இடுப்பில் கலகலக்கப் போனார். கடிகாரத்தை மறந்துவிட்டார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள், தராசை யார் பிடிப்பது என்று கொட்டகை இரண்டுபட்டது.

மறுநாள் காலை ராணிதான் முதலில் வந்து திறந்தாள். மூட்டைகள், காலி மணைகள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் வந்துட்டீங்களா?”

தன் வாய்தான் கேட்டது. அதுகூட அவளைப் பயமுறுத்தவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள், அதுதான் பயமுறுத்தியது. கதவைப் பூட்டிக்கொண்டு நேராக இசைவாணி வீட்டுக்கு நடந்தாள்.

“இந்தா, சாவிய நீ வெச்சுக்க. வாரம் பொறந்தா வேற ஒருத்திகிட்ட குடுத்துடு.”

“என்னாக்கா, நேத்து உங்கிட்டதான் ஜாஸ்தி சண்ட போட்டேன்.”

“அதனாலதான்.”

“சரி. கொட்ட கொறஞ்சுதுன்னு வந்து என்னைக் கேக்காத.”

“கேப்பேன்டி” என்றாள் ராணி.