துடும்புக்கு நடுவில் ஒரு பெயர்

போத்தனூரில் ஒரு மருந்துக்கடையில் ஹுமேராவுக்கு வேலை. சாயங்காலம் வீடு திரும்பியதும் லேப்டாப்பைத் திறந்துவிடுவாள். பாட்டோ மெட்டோ இல்லாமல் தாளம் மட்டுமே ஓடும் டிராக்குகளைச் செய்வாள். கிளப்புகளில் டிஜேக்கள் ஒன்றோடொன்று கலந்து ஓட்டுவதற்கானவை அவை.

அப்படி ஒன்றில், கோயில் திருவிழாவில் போனில் பதிவு செய்த துடும்பு மேளச் சத்தத்தை வெட்டி ஒட்டி, அடியில் கனத்த பேஸ் ஒலியைக் கொடுத்திருந்தாள். கோவை ஹோட்டல்களில் பெயர் வாங்கியிருந்த டிஜே கிருபாசங்கர் அதை விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டான். இரண்டு வாரம் கழித்து இணையத்தில் அவனுடைய ஷோ வீடியோ ஒன்று வந்தது. துடும்புக்குக் கூட்டம் துள்ளியது. கீழே ‘என் புது டிராக்’ என்று எழுதியிருந்தான்.

ஹுமேரா உடனே போன் செய்தாள். “என்ற பேரு எங்கீங்க?”

“ஏனுங்க ஹுமேரா, உங்க பேரைப் போட்டா யாருங்க கேப்பாங்க? எம் பேருல போனாத்தான் ஓடும். ஞாயித்துக்கெழமை ஷோவுக்கு இன்னொண்ணு செஞ்சு குடுங்க.”

அவன் குரலில் அதட்டல் இல்லை. கடையில் சாமான் கேட்பதுபோலக் கேட்டான். அதுதான் அவளுக்கு எரிந்தது.

“சரிங்க, அனுப்பறேன்” என்றாள்.

புது டிராக்கோடு மூன்று நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் அவளுடைய அம்மா பக்ருன்னிசா கதவைத் தட்டினாள்.

“யாருகூட கண்ணு கத்திட்டிருக்கே?”

“யாருகூடவும் இல்லம்மா. பேசிப் பதிவு பண்ணிட்டிருக்கேன்.”

டிராக்கை அவனுக்கு அனுப்பிவிட்டு, ஞாயிறு மத்தியானம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றாள். எந்த டிராக்கையும் முழுதாகக் கேட்கும் வழக்கம் கிருபாசங்கருக்கு இல்லை. அவள் அனுப்பியதிலும் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கேட்டுவிட்டு ஓடவிட்டான். கூட்டம் ஆடியது. நான்காவது நிமிடத்தில் தாளம் சட்டென்று நின்றது. தூக்கிய கைகளோடு எல்லோரும் காத்திருந்தார்கள். ஸ்பீக்கரிலிருந்து ஹுமேராவின் குரல் வந்தது.

“இது போத்தனூர் ஹுமேரா செஞ்சதுங்க. போன தடவை நீங்க ஆடுனதும் நான் செஞ்சதுதானுங்க. டிஜே செஞ்சதில்லீங்க.”

மறுநொடி துடும்பு இடித்தது. முதலில் சிரித்தார்கள். பிறகு யாரோ “ஹுமேரா!” என்று கத்த, பலரும் சேர்ந்துகொண்டார்கள். சிலர் போனில் வீடியோ எடுத்தார்கள். கிருபாசங்கரின் கை வால்யூமுக்குப் போய் நின்றுவிட்டது. நிறுத்தினால் ஆட்டமே நின்றுபோகும். முகம் சிவக்க, மீதி மூன்று நிமிடமும் ஓடவிட்டான்.

மேடையிலிருந்து இறங்கியதும் நேராக அவளிடம் வந்தான்.

“என்ற மானத்தை வாங்கிப்போட்டீங்களே! இனி இந்த ஊருல உங்க டிராக்கை எவன் போடறான்னு பாக்கறேன்.”

ஹுமேரா டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

“பாருங்க. நானும் இங்கதானே இருக்கப்போறேன்.”

அவன் சொன்னதைச் செய்தான். நான்கு மாதம் கோவையில் ஒரு டிஜேகூட அவளுக்குப் பதில் போடவில்லை. அவள் வாரம் ஒரு டிராக் செய்து தன் பெயரிலேயே இணையத்தில் போட்டுவந்தாள்.

ஐந்தாம் மாதம் பெங்களூரிலிருந்து பிரான்சிஸ் என்ற டிஜே எழுதினார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்தாராம். டிராக் வேண்டும், ஆனால் நடுவில் வரும் பேச்சை எடுத்துவிட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

“முடியாதுங்க” என்று மட்டும் எழுதினாள்.

மூன்றாம் நாள், கடையில் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய பதில் வந்தது: “சரி, அப்படியே அனுப்புங்க.”