ரம்ப ஈக்கு எந்த மரம்?

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து சுட்டேன். அவள் பூச்சி ஆய்வாளர். நான் வாரா வாரம் யாரையாவது கொன்று பிழைக்கிற தொடர்கதைக்காரன். "புதுசா ஒண்ணு மாட்டியிருக்குடா" என்று போனில் சொன்னாள். பிணம்தான் என்று ஓடினேன்.

2

இருண்ட ஆய்வகத்தில் அவள் தன்னந்தனியாக

(அடித்துவிட்டேன். காலை பதினொரு மணி, பளிச்சென்று வெயில். தாவர ஆய்வாளரான அத்தான் வேறு பக்கத்தில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.)

கண்ணாடி ஜாடிக்குள் ஒரு ரம்ப ஈ.* இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம். பைன் மரமும் சைப்ரஸ் மரமும் தோள் உரசி நிற்கிற இடத்தில், மண்ணில் பொறுக்கிய பத்துக் கூடுகளில் ஒன்பது காலி. இது பத்தாவதிலிருந்து வெளியே வந்தது. பெண்.

* பெயரில்தான் ஈ. சொந்தமெல்லாம் குளவி வகையறா. வால்முனை ரம்பத்தால் இலையைக் கீறி முட்டை வைக்கும்.

3 (முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்)

ரம்பத்தின் பல்வரிசைதான் இனத்தின் அடையாளம். இப்போதே கொன்று படமெடுத்தால் அக்காவின் மூன்று வருட உழைப்புக்குப் பெயர் கிடைத்துவிடும். எந்த மரத்துப் பூச்சி என்பது தெரியாமலே போகும். கிளையில் விட்டால், எந்த மரத்து இலையில் முட்டை வைக்கிறது என்று பார்த்து அது தெரியலாம். அறுத்து அறுத்துப் பல் மழுங்கிவிட்டால்? அடுத்த பூச்சிக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"பல்லுதான் முக்கியம்" என்றாள் அக்கா.

"விலாசம் தெரியாம பேரை மட்டும் வச்சு என்ன பண்ணப்போற?" என்றார் அத்தான்.

"சைப்ரஸ்னு பந்தயம் கட்டினவராச்சே, வேற எப்படிப் பேசுவீங்க!"

"நீ மட்டும் என்னவாம்? பைன்னு கட்டுரையிலயே எழுதிட்டே!"

அக்காவின் முகம் சிவந்தது என்று எழுத ஆசை. உண்மையில் பிஸ்கட் டப்பாவைப் பிடுங்கினாள்.

"முட்டை போட மாப்பிள்ளை வேணாமா?" என்றேன், தொழில் புத்தியில்.

"வேணாம்டா. தனியாவே போடும். பொறக்கிறது பூராவும் ஆம்பளப் பசங்க."

"பாவம்" என்றார் அத்தான்.

4

முடிவு அ: கொல்கிறாள். பெயர் வருகிறது. அத்தான் இரண்டு நாள் பேசமாட்டார்.

முடிவு ஆ: பூச்சி நேராகப் பைனுக்குப் போய்

அக்கா என் பேனாவைப் பிடித்தாள். "பார்க்காததை எழுதாதடா."

சொன்னவள் அப்படியே நின்றாள். பிறகு மேசைக்குப் போய்த் தன் கட்டுரையை எடுத்து, 'பைன்' என்ற சொல்லை அடித்தாள். ஜாடிக்குள் பைன், சைப்ரஸ் இரண்டின் கிளைகளையும் செருகினாள்.

"பல்லு போச்சுன்னா?" என்றார் அத்தான், இப்போது அவருக்கே பயம்.

"போகட்டும். வாயை மூடிட்டுப் பாருங்க."

பூச்சி இரண்டு கிளைகளுக்கும் நடுவே கண்ணாடியில் உட்கார்ந்து, உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. மேற்கொண்டு எழுத எனக்கு அனுமதியில்லை. உங்களுக்கும் ஊகிக்க அனுமதியில்லை. ஜாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலி, வந்து உட்காருங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.